கூட்டுக்குள் ஒரு சரி

நான்கு வருடங்களுக்கு முன்னர் ஒரு காலைப்பொழுது. கல்லூரி வாசலில் பஸ் நிற்கின்றது. தரம் 9 மாணவியருக்குப் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குக் கல்விச் சுற்றுலா. வகுப்பாசிரியையின் கையில் கணினியில் அச்செடுத்த பெயர்ப்பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சிறு கூடு. கூட்டுக்குள் 'சரி' அடையாளம் இருந்தால் அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து சம்மதக் கடிதம் வந்துவிட்டது என்று பொருள்.

ஒரு பிள்ளையின் கூடு வெறுமையாக இருந்தது. "எங்கட உம்மா நேர்ல வந்து சைன் வெச்சிட்டுப் போனாங்க டீச்சர்" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு அடுத்த பெயருக்குரிய பிள்ளையோ கடிதமே தரவில்லை. ஆனால் அவளது கூட்டில் அழகாக ஒரு சரி. முதல் நாள் மாலை அறிவித்தற் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் அதைக் கண்டுவிட்டு, தனக்கும் அனுமதி கிடைத்துவிட்டதென்று சாப்பாட்டுப் பார்சலோடு அவள் வந்து நின்றாள்.

அந்தப் பட்டியலை அச்செடுத்த மென்பொருளை எழுதியவள் நான். அப்போதுதான் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் காலடி வைத்திருந்தேன். படித்த கல்லூரிக்கு ஏதாவது செய்துகொடுக்க வேண்டும் என்ற ஆசை. கூடவே, "நம்மட ராத்தா செஞ்ச சொஃப்ட்வெயார்" என்று தங்கைமார் சொல்லக் கேட்கும் ஆசையும் கொஞ்சம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

டீச்சர் கடிதக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. அழுத பிள்ளை பஸ்ஸில் ஏறினாள். மற்றவள் ஏறவில்லை. என்ன பிழை நடந்தது, அது ஏன் நடந்தது என்பதை விளக்கவே இதை எழுதுகின்றேன். அதற்கு முதலில் இந்தச் சின்னக் கூட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஆங்கிலத்தில் இதற்கு 'செக்பொக்ஸ்' என்று பெயர். கணினிக்கு வெளியே, காகிதத்தில், இதை நாம் எல்லோரும் பழகியிருக்கின்றோம். தேர்தலில் வாக்குச்சீட்டின் கூட்டுக்குள் புள்ளடி இடுகின்றோம். பல்தேர்வு விடைத்தாளிலும் புள்ளடிதான் இடுகின்றோம். புள் என்றால் பறவை. புள்ளடி என்றால் பறவையின் கால்தடம். எவ்வளவு அழகான சொல்! ஆனால் அதே புள்ளடியை டீச்சர் சிவப்புப் பேனாவால் கொப்பியில் போட்டால் அது பிழை என்றாகிவிடும். ஒரே அடையாளம் ஓரிடத்தில் 'இதுதான் என் தெரிவு' என்கின்றது, இன்னோரிடத்தில் 'இது தவறு' என்கின்றது. கணினிக்கும் இந்தக் குழப்பம் இருந்தது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் செக்பொக்ஸைக் கிளிக் செய்தால் கூட்டுக்குள் புள்ளடிதான் விழும். 1995இல் வந்த விண்டோஸ் 95இல்தான் அது இன்று நாம் காணும் 'சரி' அடையாளமாக மாறியது.

அடையாளத்தை விட முக்கியமானது, எத்தனை கூடுகளில் இடலாம் என்ற விதி. நமது பாராளுமன்றத் தேர்தல் வாக்குச்சீட்டை நினைத்துப் பாருங்கள். (தங்கைமாருக்கு இன்னும் வாக்கில்லை, உம்மா, வாப்பாவிடம் கேளுங்கள்.) மேலே கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும். அதில் ஒன்றுக்கு மட்டுமே புள்ளடி இடலாம்; இரண்டுக்கு இட்டால் வாக்கு நிராகரிக்கப்படும். கீழே வேட்பாளர்களின் இலக்கங்கள். அதில் விரும்பினால் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். ஒருவருக்கு மட்டும் அளிக்கலாம், எவருக்கும் அளிக்காமலும் விடலாம். 1989ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் நாம் இப்படித்தான் வாக்களித்து வருகின்றோம்.

கணினித் திரையில் இந்த இரண்டுக்கும் இரு வேறு வடிவங்கள் உண்டு. ஒன்றை மட்டும் தெரியும் இடத்தில் வட்டம் போடுவார்கள். அதற்கு 'ரேடியோ பட்டன்' என்று பெயர். பழைய கார்களில் இருந்த வானொலியில் ஒரு பொத்தானை அமுக்கினால் முன்பு அமுக்கியிருந்தது தானாக வெளியே வந்துவிடுமல்லவா, அதிலிருந்து வந்த பெயர். பலவற்றைத் தெரியக்கூடிய இடத்தில் சதுரம்; அதுதான் செக்பொக்ஸ். வட்டம் என்றால் ஒன்றே ஒன்று. சதுரம் என்றால் ஒன்றும் ஆகலாம், பலவும் ஆகலாம், ஒன்றுமே இல்லாமலும் ஆகலாம். இணைய விண்ணப்பம் நிரப்பும்போது இந்த ஒரு விடயத்தைக் கவனித்தாலே பாதித் தடுமாற்றம் தீரும். வாக்குச்சீட்டில் வடிவ வேறுபாடு கிடையாது. விதியை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நான்கு பேருக்கு விருப்பு வாக்கு இட்டால் காகிதம் நம் கையைப் பிடித்துத் தடுக்காது. எண்ணும் இடத்தில் கட்சிக்கான வாக்கு மட்டும் மிஞ்சும், விருப்பு வாக்குகள் வீணாகும். திரையிலோ நான்காவது சரியை விழவிடாமலே தடுக்கலாம்.

ஜனாதிபதித் தேர்தல் இந்த இரண்டிலும் சேராது. அங்கே 1, 2, 3 என்று விருப்பு வரிசையை எழுதலாம். 2024ஆம் ஆண்டு முதன்முறையாக இரண்டாம், மூன்றாம் விருப்புகளையும் எண்ணவேண்டி வந்ததே, நினைவிருக்கும். வரிசை முக்கியமான இடத்தில் செக்பொக்ஸ் உதவாது. அதற்கு 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு சொற்கள்தான் தெரியும். 'இதைவிட அது பிடிக்கும்' என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது.

இன்னொரு காகித உதாரணம். உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவியர் இதை உடனே அடையாளம் காண்பார்கள். இரசாயனவியல் முதலாம் வினாத்தாளில் 31 முதல் 40 வரையான வினாக்களில் (a), (b), (c), (d) என நான்கு கூற்றுகள் தரப்படும். அவற்றில் ஒன்றோ பலவோ சரியாக இருக்கலாம். அப்படியானால் இது செக்பொக்ஸ் கேள்வி. ஆனால் விடைத்தாளில் ஒரு வினாவுக்கு ஒரு புள்ளடிதான் இடலாம். என்ன செய்வது? பரீட்சைத் திணைக்களம் ஓர் உபாயம் வைத்திருக்கின்றது. (a), (b) மாத்திரம் சரியெனில் 1. (b), (c) மாத்திரம் எனில் 2. (c), (d) மாத்திரம் எனில் 3. (d), (a) மாத்திரம் எனில் 4. வேறு எந்தச் சேர்க்கையாக இருந்தாலும் 5.

நான்கு கூடுகள். ஒவ்வொன்றும் இரண்டு நிலைகளில் இருக்கலாம். ஆகவே 2 × 2 × 2 × 2 = 16 சேர்க்கைகள். ஒன்றுமே சரியில்லை என்பதைக் கழித்தால் 15. அதில் நான்குக்கு மட்டும் தனி இலக்கம். எஞ்சிய 11 சேர்க்கைகளும் 5 என்ற ஒரே மூட்டைக்குள். (a) மட்டும் சரி என்றிருந்த பிள்ளையும் நான்குமே சரி என்றிருந்த பிள்ளையும் ஒரே இடத்தில்தான் புள்ளடி இடுவார்கள். ஒருத்தி சிந்தித்தது என்ன என்பது விடைத்தாளுக்குத் தெரியாது. ஐம்பது வினாக்களை விரைவாகத் திருத்த இது வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் மூன்றரை கூற்றைச் சரியாகப் புரிந்துகொண்டு புள்ளியை இழந்த நாட்களில், நான்கு தனிக் கூடுகள் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியதுண்டு.

இனிக் கணினிக்குள் போவோம். என் மென்பொருள் விண்டோஸ் கணினியில் இயங்குவது. மைக்ரோசொஃப்ட்டின் டொட் நெட் கருவிப்பெட்டியில் 'செக்ட்லிஸ்ட்பொக்ஸ்' என்று ஓர் உறுப்பு உண்டு. வரவு இடாப்பைப் போன்ற ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு செக்பொக்ஸ். பெயர்களைக் கொடுத்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

முதல் நாளே டீச்சர் முறையிட்டார். "கிளிக் பண்ணினா சரி விழுதில்ல மகள், ரெண்டு தரம் அமுக்க வேண்டியிருக்கு." அவர் சொன்னது உண்மை. இந்தப் பட்டியலில் ஒரு வரிக்கு இரண்டு விதமான நிலைகள் உண்டு. ஒன்று, அந்த வரியில் இப்போது நிற்கின்றோம் என்பது. வரி நீல நிறமாகும். மற்றது, கூட்டில் சரி விழுந்துள்ளது என்பது. இடாப்பில் ஒரு பெயர் மீது விரலை வைப்பது வேறு, பேனாவால் குறிப்பது வேறு. இந்த உறுப்பு, நாம் மாற்றாதவரை, முதல் கிளிக்கை விரலாகவும் அடுத்ததைப் பேனாவாகவும் எடுத்துக்கொள்ளும். 'செக்-ஒன்-கிளிக்' என்ற அமைப்பை 'உண்மை' என மாற்றினால் ஒரே கிளிக்கில் வேலை முடியும். மாற்றிக் கொடுத்தேன். மவுஸ் பழகாதவர்கள் அம்புக்குறி விசையால் பெயருக்குப் போய் ஸ்பேஸ் விசையை அமுக்கலாம் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். டீச்சருக்கு அதுதான் பிடித்துப்போனது.

அடுத்த முறைப்பாடு வேடிக்கையானது. பட்டியலுக்குக் கீழே 'சம்மதம் தந்தோர்' என்று ஒரு தொகை காட்டியிருந்தேன். அது எப்போதும் ஒன்று பிந்தியே நின்றது. பத்தாவது சரியைப் போட்டால் ஒன்பது என்று காட்டும். காரணம் இதுதான்: கூட்டில் கை வைத்தவுடன் இந்த உறுப்பு என் செய்நிரலுக்கு ஒரு செய்தி அனுப்புகின்றது. ஆனால் அது 'மாறிவிட்டது' என்ற செய்தியல்ல, 'மாறப் போகின்றது' என்ற செய்தி. அந்த நொடியில் எண்ணினால் பழைய தொகைதான் கிடைக்கும். இது வடிவமைத்தவர்களின் கவனக்குறைவு என்று முதலில் கோபப்பட்டேன். பிறகுதான் அதன் நியாயம் புரிந்தது. மாறுவதற்கு முன்னர் சொன்னால்தானே வேண்டாமென்று தடுக்க முடியும்? நான்காவது விருப்பு வாக்கைத் திரை தடுக்கலாம் என்றேனே, அதைச் செய்யும் இடம் இதுதான். எப்படி மாறப் போகின்றது என்பதும் அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கின்றது; அதையும் சேர்த்து எண்ணினால் தொகை சரியாகிவிடும்.

இவை இரண்டும் சின்னப் பிழைகள். எவரும் அழவில்லை. மூன்றாவதற்கு வருகின்றேன்.

கணினியை நிறுத்தி மறுநாள் திறந்தாலும் சரிகள் அப்படியே இருக்க வேண்டும். அதற்காக அவற்றை ஒரு கோப்பில் சேமித்தேன். சரி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. வகுப்பில் 38 பிள்ளைகள்; ஆகவே 38 இலக்கங்கள் கொண்ட ஒரு வரி. கணினி நினைவகத்தில் இதை இறுக்கி அடுக்கினால் ஐந்தே பைட்டுகள் போதும். 38 கூடுகளால் உருவாகக்கூடிய சேர்க்கைகளோ இருபத்தேழாயிரம் கோடிக்கும் மேல். அவ்வளவு பெரிய விடயத்தை இவ்வளவு சிறிய இடத்தில் அடக்கிவிட்டேனே என்று உள்ளூர மகிழ்ந்தேன். பெயர்கள் வேறொரு கோப்பில், அகர வரிசையில் இருந்தன. முதல் இலக்கம் முதல் பெயருக்கு, இரண்டாவது இரண்டாவது பெயருக்கு. அவ்வளவுதான் என் திட்டம்.

சுற்றுலாவுக்குச் சில நாட்கள் முன்னர் வகுப்பில் ஒரு புதிய மாணவி சேர்ந்தாள். அவளது பெயர் 'அ'கரத்தில் தொடங்குவது. பட்டியலில் மூன்றாவது இடத்தில் போய் அமர்ந்தாள். அதன் பிறகு எல்லோரும் ஒரு வரி கீழே இறங்கினார்கள். சரிகள் மட்டும் இறங்கவில்லை. அவை பெயர்களைப் பார்க்கவில்லை, இடத்தைத்தான் பார்த்தன. மூன்றாவது இடத்துச் சரி புதிய பிள்ளைக்குப் போனது. முன்னர் மூன்றாவதாக இருந்தவளுக்கு நான்காமவளின் சரி. இப்படியே பட்டியல் முழுவதும், ஒவ்வொருத்திக்கும் தனக்கு அடுத்தவளின் பதில்.

இதில் கொடுமை என்னவென்றால், பிழை வெளியே தெரியவில்லை. முப்பத்தொரு சரிகள் இருந்தன. நகர்ந்த பின்னரும் முப்பத்தொன்றுதான். தொகை சரி. பஸ்ஸில் இருக்கை எண்ணிக்கை சரி. பெரும்பாலான பிள்ளைகள் சம்மதம் தந்திருந்தபடியால், அடுத்தவளின் சரி தனக்கு வந்தாலும் வேறுபாடு தெரியாது. சம்மதம் தந்தவளும் தராதவளும் அடுத்தடுத்து இருந்த இடங்களில் மட்டும்தான் அது வெடித்தது. உம்மா வந்து கையொப்பம் வைத்த பிள்ளைக்கு, அடுத்தவளின் வெறுங்கூடு. அந்த அடுத்தவளுக்கு, அவளுக்கும் அடுத்தவளின் சரி.

திருத்துவது கடினமாக இருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்லூரியில் ஒரு சேர்விலக்கம் உண்டு. பெயர் ஒன்றாக இருக்கலாம் (எங்கள் கல்லூரியில் ஒரே வகுப்பில் மூன்று பாத்திமாக்கள் இருப்பது புதினமல்ல), வரிசை மாறலாம், வகுப்பே மாறலாம், சேர்விலக்கம் மாறாது. சரியை அந்த இலக்கத்தோடு முடிந்து வைத்தால் பட்டியலை எப்படிக் கலைத்து அடுக்கினாலும் அது உரியவளைத் தேடிப் போய்ச் சேரும். ஓரிரவில் மாற்றி எழுதினேன்.

ஆனால் பஸ்ஸில் ஏறாத பிள்ளை? அவளது கூடு இப்போது வெறுமையாகிவிட்டது. கடிதம் வரவில்லை, கணினி சொல்வது சரி. அதற்கு அப்பால் நான் யோசிக்கவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து டீச்சர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: கடிதப் படிவம் பங்கிட்ட அன்று அந்தப் பிள்ளை காய்ச்சலில் பாடசாலைக்கு வரவேயில்லை. அவளது வாப்பா மறுக்கவில்லை. அவரிடம் எவரும் கேட்கவேயில்லை.

வெறுங்கூட்டுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். 'வேண்டாம்' என்பதும் வெறுங்கூடுதான். 'இன்னும் கேட்கவில்லை' என்பதும் வெறுங்கூடுதான். பார்வைக்கு இரண்டும் ஒன்று.

பேராதனைப் பூங்காவுக்குள்ளேயே தேசிய உலர்தாவரக் காப்பகம் இருக்கின்றது. தாவரங்களை உலர்த்தித் தாள்களில் ஒட்டி வைத்திருக்கும் இடம். ஒரு செடியின் பெயரைக் கண்டறிய இப்போது கணினி மென்பொருள்களும் உலகில் பயன்படுகின்றன. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவான 'லூசிட்' அவற்றில் ஒன்று. இலை எதிரெதிராக உள்ளதா, விளிம்பு பற்களாக உள்ளதா, பூ என்ன நிறம் என்று ஒரு நீண்ட பட்டியல். கண்டவற்றுக்குச் சரி போட, பொருந்தாத தாவரங்கள் ஒவ்வொன்றாக விலகிப் போகும். கையிலுள்ள கிளையில் பூ இல்லாவிட்டால் பூ பற்றிய கூடுகளை அப்படியே விட்டுவிடலாம். இந்தச் செடி பூக்காது என்று அந்த மென்பொருள் முடிவுகட்டுவதில்லை. பூவைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை என்றே எடுத்துக்கொள்கின்றது. செடிக்குக் கிடைக்கும் அந்த நிதானத்தை நான் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாம் தொடாமலே சரி விழுந்திருக்கும் கூடுகள். ஏதாவது மென்பொருளை நிறுவும்போது 'எங்கள் விளம்பரங்களைப் பெற விரும்புகின்றேன்' என்று ஒரு கூடு முன்கூட்டியே சரியோடு நிற்கும். நாம் வாசிக்காமல் 'அடுத்து', 'அடுத்து' என்று போய்விடுவோம். ஜேர்மனியில் பிளானட்49 என்ற நிறுவனம் இப்படிச் செய்தது. 2019 ஒக்டோபர் 1ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், முன்கூட்டியே சரி இடப்பட்ட கூடு சம்மதமாகாது என்று தீர்ப்பளித்தது. நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கின்றது. பெற்றோரே, பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் எதையும் நிறுவும் முன்னர், ஏற்கெனவே சரி விழுந்திருக்கும் கூடுகளை ஒருமுறை வாசியுங்கள். அந்தச் சரியைப் போட்டது நீங்களல்ல.

கணினிப் பாடம் படிக்கும் தங்கைமார் ஒரு கேள்வி கேட்கலாம்: செக்பொக்ஸுக்கு மூன்றாவது நிலை ஒன்று இருக்கின்றதே, கூட்டுக்குள் ஒரு சிறு கோடு அல்லது நிரப்பிய சதுரம் வருமே, அதை 'கேட்கவில்லை' என்பதற்குப் பயன்படுத்தலாமே என்று. நானும் அப்படித்தான் முதலில் செய்யப் பார்த்தேன். 'கியூட்' என்ற கருவிப்பெட்டியில் இந்த நிலைகளுக்கு இலக்கங்களே உண்டு: வெறுமை 0, பகுதி 1, சரி 2. ஆனால் நடுவிலுள்ளதன் பொருள் 'தெரியாது' என்பதல்ல, 'கீழேயுள்ளவற்றில் சில' என்பது. தரம் 9 என்ற தலைப்பின் கீழ் மூன்று வகுப்புகள் இருந்து, அதில் ஒன்றுக்கு மட்டும் சரி விழுந்திருந்தால் தலைப்பின் கூட்டில் அந்தக் கோடு வரும். இதைத் தனியொரு பிள்ளையின் பதிலுக்கு வைத்தால் பார்ப்பவர் 'பாதிச் சம்மதமா?' என்று குழம்புவார்.

ஆகவே கூட்டையே கைவிட்டேன். ஒரு பெயருக்கு நேரே மூன்று வட்டங்கள்: சம்மதம், மறுப்பு, கேட்கவில்லை. புதிதாக எந்தப் பெயர் சேர்ந்தாலும் அது 'கேட்கவில்லை' என்பதில்தான் தொடங்கும். பதில் வந்த திகதிக்கு ஒரு நிரல், அதைப் பதிந்தவருக்கு ஒரு நிரல். திரை முன்னரைப் போல அழகாக இல்லை, கொஞ்சம் நெரிசல்தான். 'கேட்கவில்லை' என்போரை எப்போதும் பட்டியலின் உச்சியில், தடித்த எழுத்தில் காட்டச் செய்தேன்.

அடுத்த வருடச் சுற்றுலாவுக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது கல்லூரிக்குப் போயிருந்தேன். உச்சியில் நான்கு பெயர்கள் நின்றன. டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்து பழைய காகித இடாப்பை எடுத்தார். அதை அவர் இன்னும் கைவிடவில்லை, விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. அந்த நான்கு வீடுகளின் தொலைபேசி இலக்கங்களையும் அதில் தேடி, முதலாவதை அழுத்தத் தொடங்கினார்.